புதுச் சதை என்று நான் சொன்னது

தம்பி,

நானும் அப்பாவும் உன்னிடம் சொல்லாமல், நீ கட்டிக்கொள்ளப் போகிற ஷாலினி வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. ஐந்து வாரமாகிறது. கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கூடி வந்த கல்யாணத்தை அம்மாவே கெடுக்கப் பார்த்தாள் என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். எதைக் கெடுக்கப் போனேன் என்று நீ என் வாயால் கேட்கவில்லை. நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன். நீ கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நம் வீட்டில் நடந்தவற்றில் பாதி உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நான்தான் பார்த்துக்கொண்டேன். படிக்கும்போது உனக்கு அருவருப்பாக இருக்கும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசிவரை படி.

அப்பாவின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பை நீ பிறந்ததிலிருந்து பார்த்தவன். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குளிப்பதற்காகக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் டின் அடுப்பிலிருந்து சரிந்து வெந்த கால் அது. மேலே தோல் மூடிக்கொண்டதே தவிர, அது நல்ல தோலாக இல்லை. மெழுகு பூசியது போலப் பளபளத்து, ஒரு முடிகூட முளைக்காமல், லேசாக உரசினாலே கிழிந்துவிடும். பத்து பெரண்டாம் என்ற ஊரில் லோரி ஓட்டப் போனபிறகு, கிளட்சை மிதித்து மிதித்து, பூட்ஸின் விளிம்பு அதே இடத்தில் உரசியது. புண் வரும், ஆறும், திரும்ப உடையும். பிறகு ஒரு சமயம் உடைந்தது ஆறவே இல்லை. ஐம்பது காசு அளவில் ஒரு புண், சுற்றிலும் எப்போதும் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். அவர் மஞ்சள் மருந்தைத் தடவி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கிளினிக்கில் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். இப்படியே ஏழு வருடம். ஏழு வருடம் ஒரு புண்ணோடு ஒரு மனிதர் இருந்தார், அதை ஒரு பழக்கம் மாதிரி நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பேக்டரி மூடப்பட்டது உனக்கு நினைவிருக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, என்னோடு முன்பு அதே லைனில் வேலை பார்த்த ஒருத்தி வந்து கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். அவள் பெயர் வேண்டாம். அங்கே எல்லாரும் அவளை லீடர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஏர்கோன் குளிரில் நம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நின்று, உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கிற செல்களை எழுப்பிவிடுகிற பொருள் ஒன்று இருக்கிறது, அதற்கு குரோத் ஃபேக்டர் என்று பெயர், அதைத் தூளாகக் குடிக்கலாம், க்ரீமாகப் பூசலாம் என்றார். சொல்லிவிட்டுக் கைதட்டச் சொன்னார். தட்டினோம். தூளுக்கும் க்ரீமுக்கும் ஒரே வனிலா வாசம். இப்போது கேக் கடை வழியாகப் போனால்கூட அந்த வாசத்தில் எனக்குக் குமட்டுகிறது.

நான் நன்றாக விற்றேன். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நாம் குடியிருக்கும் தாமானில், கோயிலில், பாசார்ச் சந்தையில், பழைய பேக்டரிக் கூட்டாளிகளிடம், எல்லாரிடமும் விற்றேன். முட்டி வலிக்கும் குடு, சர்க்கரைக்கும் குடு என்று கூட்டத்தில் சொல்வார்கள், கொடுத்தேன். அவர்கள் என்னை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். பேக்டரியில் இருந்த காலமெல்லாம் தலையில் குல்லா மாட்டிக்கொண்டு குனிந்தே இருந்தவளுக்கு, மேடையும் மாலையும் எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது. அந்தப் பிடித்தத்தை இப்போது நினைத்தால் என் உடம்பே எனக்குக் கூசுகிறது.

அப்பாவின் புண்ணில் அந்த க்ரீமைப் பூச ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் குழியாக இருந்த புண் நிரம்பத் தொடங்கியது. விளிம்பைத் தாண்டி இளஞ்சிவப்பாகச் சதை எழும்பியது. காலிஃப்ளவர் பூ மாதிரி சிறு சிறு முடிச்சாக வந்தது. தொட்டால் ரத்தம் கசிந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதைப் படம் பிடித்து லீடருக்கு அனுப்பினேன்.

"அக்கா, இதுதாங்க்கா புதுச் சதை. ஏழு வருசமா வராதது வந்திருக்கு பாருங்க. இத நீங்க மட்டும் வச்சுக்காதீங்க, நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். படங்களை வரிசையாக வைத்து, என் குரலையும் பதிந்து அனுப்பினேன். அது வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு போனது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? புண் நாறியது. வனிலா வாசமும் சீழ் நாற்றமும் கலந்த ஒரு வாடை. சோற்றில் அடித்தது, துணியில் அடித்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றினேன். அவர் கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டார், எனக்கு வாடை வரக்கூடாது என்பதற்காக. புண்ணைத்தான் அருவருத்தேன், அவரை இல்லை என்று எழுதலாம். அது பொய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். அதே கையோடு அவர் காலைப் படம் எடுத்து, பாருங்கள் எவ்வளவு அழகாக ஆறுகிறது என்று ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர், "வலி கூடுது. தொடை இடுக்குல நெறி கட்டின மாதிரி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

"மருந்து வேல செய்யுதுங்க. உள்ள இருக்கிற விஷமெல்லாம் வெளிய வருது, அதான் வலி. பொறுத்துக்குங்க" என்றேன். கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது.

அவர் மேலும் சில மாதம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு காலையில் சாமான் இறக்கும் இடத்தில் அந்தச் சதை பிய்ந்து ரத்தம் கொட்டி மயங்கி விழுந்தார். கூட வேலை பார்த்தவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு சின்ன வயது டாக்டரம்மா, நம் தமிழ்ப் பெண், கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் போனை எடுத்து, எட்டு மாதத்துக்கு முன் இப்படி இருந்தது, இப்போது எவ்வளவு சதை வளர்ந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். அந்த நிமிடத்திலும் எனக்குப் பெருமை இருந்தது, தம்பி.

டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஆன்ட்டி, இது ஆறுற சதை இல்ல. இதுதான் கட்டி" என்றார்.

சதையில் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று முடிவு வந்த அன்று, அந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். தோலில் காயம் பட்டால் உடம்பு அந்த இடத்துக்கு ஆள் அனுப்புகிறது. ரத்தத்தில் இருக்கும் செல்கள் வந்து கிருமியோடு சண்டை போடுகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் அந்தச் சண்டைதான். தமிழில் அதை அழற்சி என்பார்கள். கூடவே, பக்கத்தில் இருக்கும் செல்களுக்கு வளருங்கள், பெருகுங்கள், ஓட்டையை அடையுங்கள் என்று ஒரு உத்தரவு போகிறது. அந்த உத்தரவைக் கொண்டுபோகிற பொருளுக்குத்தான் குரோத் ஃபேக்டர் என்று பெயர். எல்லார் உடம்பிலும் இருப்பது அது. இல்லாவிட்டால் எந்தக் காயமும் ஆறாது. காயம் மூடியதும் உத்தரவு நின்றுவிட வேண்டும், வந்தவர்கள் திரும்பிப் போய்விட வேண்டும்.

"அங்கிள் கால்ல அது நிக்கவே இல்ல ஆன்ட்டி. ஏழு வருசமா சண்ட நடக்குது, ஏழு வருசமா வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. செல் பெருகும்போது ஒவ்வொரு தடவயும் தன்னையே பிரதி எடுக்கணும். எடுக்க எடுக்க எங்கயாவது தப்பு வரும். சண்ட போடுற செல்லுங்க கக்குற ரசாயனமும் பக்கத்துல இருக்கிறதக் கெடுக்கும். அப்படிக் கெட்ட செல்லு ஒண்ணு, யாரோட உத்தரவுக்கும் காத்திருக்காம தானே பெருக ஆரம்பிச்சிடும். தனக்குன்னு ரத்தக் குழாயக்கூட இழுத்துக்கும். நீங்க படம் எடுத்தது அதைத்தான்."

"நான் பூசின க்ரீம்னால வந்துச்சா?"

"அதுக்குள்ள நிஜமா என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். பழைய வெந்த தழும்புல ஆறாத புண்ணு இருந்தா, க்ரீம் இல்லாமயும் இது வரும். ஆனா கேன்சர் இருக்கிற எடத்துல வளருன்னு சொல்ற மருந்த நாங்க யாரும் போட மாட்டோம். அத விடுங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா காலு இருந்திருக்கும்."

முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். தொடை இடுக்கிலிருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் கேன்சர் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு கதிர்ச் சிகிச்சை. மூன்று வருடமாகிவிட்டது, ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய்விட்டு, இந்த முறையும் ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு வருகிறோம்.

லீடருக்குப் போன் செய்து சொன்னேன். "அது உங்க வீட்டுக்காரர் உடம்பு அப்படிக்கா. நீங்க தூளச் சரியாக் குடுத்திருக்க மாட்டீங்க" என்றாள். குழுவிலிருந்து வெளியேறினேன். அவ்வளவுதான் செய்தேன். என்னிடம் வாங்கிக் குடித்த ஒருவரிடமும் நான் போய், அது பொய், என் வீட்டுக்காரருக்குக் கால் போய்விட்டது என்று சொல்லவில்லை. பாசாரில் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். அந்த நேரத்தில்தான் நீ, "யாரும் கேட்டா மோட்டார் அக்சிடென்னு சொல்லிடலாம்லா, எதுக்கு வம்பு" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்கிறேன். அப்பாவை யாரும் கேட்கவில்லை.

இனி பெம்பானில் ஷாலினி வீட்டில் நடந்ததைக் கேள். நாம் பெண் பார்க்கப் போன அன்று நீ ஷாலினியோடும் அவள் அண்ணனோடும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே நானும் அப்பாவும் ஷாலினியின் அம்மாவும்தான். பலகாரத்தை எங்களுக்கு வைத்துவிட்டு அவர் மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாக்கு ஓரத்துல ஒரு புண்ணுங்க. ஓட்டப் பல்லு ஒண்ணு இருக்கு, அது குத்திக் குத்தி நாலு மாசமா ஆற மாட்டேங்குது. காரம் பட்டா உயிரு போகுது" என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். "எதுக்குங்க டாக்டரு? ஒரு நல்ல தூளு வாங்கியிருக்கேன். வாயில வச்சு ஊறப்போட்டு முழுங்குறேன். உங்க வீட்டு அண்ணனுக்குக்கூடக் கால்ல அடிபட்ட எடத்துல வலி இருந்தா இத வாங்கிக் குடுங்க. இங்க பாருங்க" என்று போனை என் முன்னால் நீட்டினார்.

அப்பாவின் கால். நான் எடுத்த படம். போனிலிருந்து என் குரல் பேசியது. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. நான், "அப்படீங்களா, நல்லது" என்றேன். இந்த வாயால் சொன்னேன். அதன்பிறகு எடுத்து வைத்த பலகாரத்தையும் சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் நீ, "நல்லா போச்சுல்லம்மா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நீ கிளம்பிப் போனபிறகு அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அந்தம்மா வாயில இருக்கிறது என்னவா இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. உன் கல்யாணத்தை நினைத்தேன். கேன்சர் வீடு என்று பெண்ணைத் தர மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அந்த அம்மா எப்படியும் ஒரு நாள் டாக்டரிடம் போவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். "நீ வராட்டி நான் போறேன்" என்றார். அவருக்கு வலது கால் இருக்கிறது, காரும் கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர், ஓட்டுவார். நானும் ஏறிக்கொண்டேன்.

அந்த அம்மா நம்பவில்லை. எப்படி நம்புவார்? "மாப்ள அக்சிடென்னு சொன்னாரே" என்றார்.

"பொய் சொன்னான். நாங்களும் சேர்ந்துதான் சொன்னோம்" என்றார் அப்பா. பேன்ட்டை மேலே ஏற்றி, பொய்க்காலைக் காட்டினார். "நீங்க போன்ல வச்சிருக்கிற காலு இதுல இருந்ததுதாங்க."

"எத்தனையோ பேருக்குக் காலு போகுது. அந்தக் காலு ஆறிப்போச்சுன்னு எங்க லீடரு சொன்னாங்களே" என்றார். குரலில் கோபம் வந்துவிட்டது. நாங்கள் ஏதோ உள்நோக்கத்தோடு வந்திருப்பதாக நினைத்தார் போல.

வெட்டி எடுத்த காலை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? என்னிடம் இருந்த சாட்சி என் குரல் ஒன்றுதான். "அதப் போடுங்க" என்றேன். அவர் போனை எடுத்துப் போட்டார். அது பேசப் பேச நானும் கூடவே பேசினேன். "வணக்கம். எங்க வீட்டுக்காரருக்கு ஏழு வருசமா ஆறாத புண்ணு. பாக்காத வைத்தியம் இல்ல. இந்த க்ரீம் போட்டு மூணே மாசத்துல புதுச் சதை வளந்திருக்கு. நான் பொய் சொல்லல, படத்தப் பாருங்க." ஒரு சொல் பிசகவில்லை. எத்தனை கூட்டத்தில் ஒப்பித்தது. அதே இழுப்பு, அதே சிரிப்பு. வாந்தி எடுத்ததைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்வது போல இருந்தது. ஷாலினி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போனை நிறுத்தினார். போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போங்க. தயவுசெஞ்சு போயிடுங்க" என்றார்.

போய்விட்டோம். அன்று மாலையே உனக்கு விஷயம் வந்தது, நீ பேச்சை நிறுத்தினாய். நான்கு நாள் கழித்து ஷாலினி எனக்குச் செய்தி அனுப்பியது உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அவள்தான் அம்மாவைக் கட்டாயப்படுத்திப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே பார்த்தவுடன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பரிசோதனையில் கேன்சர்தான் என்று தெரிந்தது. சின்னது, கழுத்து நெறிகளுக்குப் போகவில்லை. போன வாரம் நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். அதனால்தான் கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது, தம்பி. நான் கெடுத்ததால் அல்ல.

முந்தாநாள் அவரைப் பார்க்கப் போனேன். பேச முடியவில்லை. நாக்கு தடித்து, சொற்கள் குழைந்து வருகின்றன. ஷாலினியின் போனை வாங்கி எழுதிக் காட்டினார்: உங்கள் குரலை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் போனில் ஒவ்வொரு பெயராகக் காட்டக் காட்ட, நான் என் போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். பேசுவது யார் என்று முதலில் சொன்னேன், பிறகு அந்தச் சதை என்ன என்று சொன்னேன். புண் எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் வாயோ காலோ எதுவானாலும் போய்க் காட்டுங்கள் என்றேன். சிலர் அழுதார்கள். ஒருத்தி, வியாபாரம் படுத்துவிட்டதால் பொறாமையில் பேசுகிறேன் என்று திட்டினாள். லீடர் என் எண்ணைத் தடுத்துவிட்டாள். அவள் போன வாரமும் மேடை ஏறியிருக்கிறாள். என்னிடம் வாங்கியவர்களின் பட்டியல் இன்னும் முடியவில்லை. தினமும் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து கூப்பிடுகிறேன்.

உனக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றும் இல்லை. நீ பொய் சொன்னது எங்கள் மானத்துக்காக என்று எனக்குத் தெரியும். அந்த மானத்துக்குள் வைத்து மூடித்தான் உன் அப்பாவின் காலை அழுக விட்டேன், உன் மாமியாரின் நாக்கையும் விட இருந்தேன். நாறுகிறது என்றால் நாறுகிறது என்று சொல்லிப் பழகு. கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் சொல். அவள் தாங்குவாள், அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்ற அவள் முகத்தை நான் பார்த்தேன்.

நேற்று நீ அப்பாவுக்கு அனுப்பிய செய்தியை அவர் என்னிடம் காட்டினார். கல்யாணத்துக்கு வேட்டி வேண்டாம், பொய்க்கால் தெரியும், ஆட்கள் கேட்பார்கள், நீளமாக ஒரு பேன்ட் தைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தார். "கேக்கட்டும். கேட்டா சொல்லலாம்லா" என்றார். பிறகு அலமாரியிலிருந்து பட்டு வேட்டியை எடுத்து என்னிடம் கொடுத்து, இஸ்திரி போடச் சொன்னார்.

போட்டு வைத்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கு அவர் அதைத்தான் கட்டிக்கொண்டு வருவார். அவரைக் கேட்பவர்களுக்கு அவரே சொல்லிக்கொள்வார். உன்னைக் கேட்டால் என்ன சொல்லப்போகிறாய் என்று நீ இப்போதே யோசித்துக்கொள்.

அம்மா